தறிக்குழியிலிருந்து பட்டாளத்துக்கு

பட்டாளத்தில் இருந்தவர்கள் தங்கள் முதல் சண்டையைப் பற்றிச் சொல்லாமல் சாக மாட்டார்கள். மலை, பனி, எதிரி என்று ஆரம்பித்து, கேட்பவர் கொட்டாவி விட்ட பிறகும் நிறுத்த மாட்டார்கள். என்னுடைய முதல் சண்டை காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், நான் பிறந்து வளர்ந்த தெருவோடு நடந்தது. எதிரிப் படையில் மூத்தவனுக்கு ஆறு வயது இருக்கும். அந்தச் சண்டையில் நான் ஜெயித்தேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சீனாவோடு சண்டை முடிந்து, எங்கு பார்த்தாலும் பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயம். எனக்கு இருபது வயது. நாட்டுப்பற்று பொங்கிப் பட்டாளத்துக்குப் போனேன் என்று மேடையில் சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். உண்மை வேறு. பிறந்ததிலிருந்து தறியில் குனிந்த முதுகுகளையே பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் ஒரு சிப்பாய் நேராக நிமிர்ந்து நின்றிருந்தான். அப்படி நிமிர்ந்து நிற்பதற்குச் சாப்பாடும் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன்.

சென்னையில் ஓட விட்டார்கள், ஓடினேன். மார்பை அளந்தார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு அளவு கொடுத்தேன். கடைசியில் ஒரு டாக்டர் என் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வலது கையை. பிறகு என்னைத் திருப்பி முதுகையும் பார்த்தார்.

"அம்மை குத்தின தழும்பு எங்கப்பா?"

"இல்லீங்க சார்."

"எந்தக் காட்டுலேருந்து வர்றே?"

"காஞ்சிபுரம் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். அன்றைக்கு அந்த வரிசையில் மலைக்காட்டிலிருந்து வந்த பையன்கள்கூட இருந்தார்கள். எல்லோர் கையிலும் தழும்பு இருந்தது. இத்தனை கோயிலும் இத்தனை பள்ளிக்கூடமும் உள்ள ஊரிலிருந்து போன என் கை மட்டும் நெய்து முடித்த புதுப் பட்டுபோல மாசு மறுவில்லாமல் இருந்தது. அம்மை குத்திக்கொண்டு, அது பிடித்தது என்று சான்றிதழ் வாங்கி, இரண்டு வாரம் கழித்து வரும் புதன்கிழமை காலை ஆஜராக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சான்றிதழ் இல்லாவிட்டால் என் இடம் அடுத்தவனுக்கு. அடுத்தவன் எனக்குப் பின்னாலேயே, என் தாளை எட்டிப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.

எனக்கு ஏன் தழும்பு இல்லை என்பதற்கு எங்கள் தெருவின் தொழிலைச் சொல்ல வேண்டும். எங்களுடையது குழித்தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பார். குழிக்கு மேலே பாவு நூல் விரிந்திருக்கும். பெரியவர்களுக்கு அது தொழில் செய்யும் இடம். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அது கோட்டை. அம்மை குத்துகிறவர் சைக்கிளில் தெருமுனையில் திரும்பினதும் முதல் வீட்டுத் தறி நிற்கும். உடனே அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒரு மூச்சு நேரம் தெரு முழுக்கச் சத்தமே இருக்காது. அந்த ஒரு மூச்சில் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் குழிக்குள் இறங்கிவிடுவோம். மறுபடி எல்லாத் தறியும் ஒன்றாகக் கிளம்பும், முன்னைவிட வேகமாக.

அவர் வாசலில் நின்று, "பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்பார்.

"இங்க யாரும் இல்லீங்க" என்பார் என் அப்பா, என் தலையில் குதிகால் இடித்துக்கொண்டிருக்க.

தெரு முழுக்க அதே பதில். அந்த மனிதரின் பதிவேட்டின்படி எங்கள் தெருவில் இருபது வருடமாகக் குழந்தையே பிறக்கவில்லை. ஆனாலும் வருடம் தவறாமல் கல்யாணமும் வளைகாப்பும் நடந்தன. அரசாங்கம் இதைப் பற்றி ஒன்றும் சந்தேகப்படவில்லை.

சிரிக்கிறேனே தவிர, இதில் சிரிக்க முடியாத ஒரு இடம் உண்டு. எனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள். அம்மை வந்து, மூன்று வயதில் போய்விட்டாள். அதே வாரம் அம்மாவுக்கும் வந்தது. அம்மா பிழைத்தாள், முகமெல்லாம் குழி விழுந்து. அடுத்து நான் பிறந்தபோது மாரியம்மன் கோயிலில் நின்று வேண்டிக்கொண்டாளாம்: 'ஒண்ணை எடுத்துக்கினே. இதை எனக்கு விட்டுடு. இவன் மேல இரும்பு படாம நான் பாத்துக்கறேன்.' அம்மை வராமல் இருப்பதற்குக் குத்திக்கொள்வது ஆத்தாளின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது என்று அம்மா நம்பினாள். தெருவே நம்பியது. என் கை சுத்தமாக இருந்ததற்கு அதுதான் காரணம். இதை அந்தப் பட்டாளத்து டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா பகுத்தறிவுக்காரர். தெருமுனைப் படிப்பகத்தில் பத்திரிகையைச் சத்தம் போட்டுப் படித்து, சாமி இல்லை என்று தினம் ஒரு முறை நிரூபித்துவிட்டுத்தான் தறிக்கு வருவார். பிள்ளையை மட்டும் ஒவ்வொரு வருடமும் குழியில் இறக்கினார்.

"அது எப்பிடிப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சாமி இல்லைன்னு நான் சொல்றது பொதுவா. நம்ம வூட்டுக்கு ஒரு வாட்டி வந்துட்டுப் போன ஆத்தாவை இல்லைன்னு எப்பிடிடா சொல்றது?" என்றார்.

புறப்பட வேண்டிய புதனுக்குப் பத்து நாளுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மை குத்துகிறவரின் வீட்டையே தேடிக்கொண்டு போனேன். மறுநாள் சுகாதார ஆபீசுக்கு வரச் சொன்னார். திங்கட்கிழமை என் தெருப் பெயரைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருபது வருசமா ஒங்க தெருவுக்கு வந்துக்கினு இருக்கேன், தம்பி. தானா வந்து கை நீட்டின மொத ஆளு நீதான்" என்றார்.

பிறகு பெட்டியிலிருந்து பல் வைத்த காசு மாதிரி ஒரு இரும்பை எடுத்தார். கையில் ஒரு சொட்டு மருந்தை விட்டு, அந்த இரும்பை அதன் மேல் வைத்து ஒரு திருகு திருகினார். வலி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நாட்டின் எல்லையைக் காக்கக் கிளம்பிய நான் அவர் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சோடா வாங்கிக் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை வந்து கையைக் காட்ட வேண்டும், பிடித்திருந்தால் சான்றிதழ் என்றார். திங்கள் சான்றிதழ், புதன் பட்டாளம். கணக்கு சரியாக இருந்தது.

கணக்கில் ஆத்தாளை நான் சேர்க்கவில்லை.

சனிக்கிழமை காய்ச்சல் வந்தது. அக்குளில் நெறி கட்டியது. குத்தின இடத்தில் கொப்புளம் ஒன்று நீர் கோத்து, நடுவில் குழி விழுந்து, அழகாக எழும்பியிருந்தது. இருபது வயதில் முதல் தடவையாகக் குத்திக்கொண்டால் இப்படித்தான் இருக்கும் என்று அம்மை குத்தினவர் முன்னாலேயே சொல்லியிருந்தார். நான் அதை வீட்டில் சொல்லவில்லை, ஏனென்றால் குத்திக்கொண்டதையே சொல்லவில்லை. அம்மா சட்டையைக் கழற்றிப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"முத்து போட்டிருக்கா."

"இல்லம்மா, இது ஊசி. குத்திக்கினேன்."

"குத்திக்கினியா! அதான் கோவத்துல வந்திருக்கா!"

இதற்கு மேல் என்ன வாதம் செய்வது? குத்திக்கொள்ளாவிட்டாலும் ஆத்தா வருவாள், குத்திக்கொண்டாலும் வருவாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பாவே ஏணி வைத்து ஏறி வாசலில் வேப்பிலை கட்டினார். கட்டும்போது தெருவில் போன படிப்பகத்து நண்பரைப் பார்த்து, "வேப்பிலை நல்ல கிருமிநாசினி" என்றார்.

அம்மை போட்ட வீட்டின் சட்டங்கள் பட்டாளத்துச் சட்டங்களைவிடக் கடுமையானவை. தாளிக்கக் கூடாது. வெளியார் வரக் கூடாது. வீட்டிலுள்ளவர்கள் படி தாண்டக் கூடாது. தறிச் சத்தம் ஆகாது, ஆகவே நெய்யக் கூடாது. ஒற்றைப்படை நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மொத்தம் மூன்று தண்ணீர். மூன்றாம் தண்ணீர் ஊற்றினால்தான் ஆத்தா விடைபெற்றுப் போனதாக அர்த்தம். எதிர்வீட்டு அத்தைக்கு எங்கள் தெருவில் சாமி வரும். அவள் தன் வாசலில் நின்றபடியே ஆடி, எங்களுக்குத் தேதி சொன்னாள். செவ்வாய் முதல் தண்ணீர், வியாழன் இரண்டாவது, சனி மூன்றாவது.

"புதன்கிழமை நான் போகணுமே, அத்தை!" என்று உள்ளேயிருந்து கத்தினேன்.

"எவளைப் பாத்து அத்தைன்றே?" என்று ஆத்தா கோபித்துக்கொண்டாள்.

அப்பா பேரம் பேசிப் பார்த்தார். பட்டு முதலாளியிடம் பேசிப் பழகிய வாய். செவ்வாய்க்கிழமை காலையும் மாலையுமாக இரண்டை முடித்துக்கொள்ளலாமா என்றார். ஆத்தா இறங்கிவரவில்லை. அம்மா மட்டும் வேப்பிலைக் கொத்தால் என் முதுகை வருடிக்கொண்டிருந்தாள். பட்டாளத்துக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை, "சரிப்பா" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அன்றைக்கு அவள் முகம் தெளிந்திருந்ததை நான் கவனித்தேன். காய்ச்சல் வேகத்தில் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை நான் வராததைப் பார்த்து அம்மை குத்துகிறவரே சைக்கிளில் தேடிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். ஆனால் வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் உத்தியோகஸ்தர் ஆகிவிட்டார். பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார்.

"என்ன சார் எழுதறீங்க?" என்றேன் ஜன்னல் வழியாக.

"அம்மை கண்ட வீடு. எழுதணும், தம்பி."

"நீங்க குத்தினதுதான் சார் இது! பாருங்க!" கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டினேன்.

பார்த்தார். "பிரமாதமா பிடிச்சிருக்குது" என்று பூரித்துப்போனார். "ஆனா வேப்பிலை கட்டியிருக்குதே. தெருவே அம்மைன்னு சொல்லுது. நான் எழுதலைன்னா நாளைக்கு யாராவது மேல எழுதிப் போடுவாங்க."

ஆக அம்மை வராது என்பதற்குச் சான்றிதழ் வாங்கப் போனவன் அம்மை கண்டவனாகப் பதிவானேன். ஒரே ஆள், ஒரே கை, ஒரே கொப்புளம். அதற்கு ஒரு தாளில் வெற்றி, இன்னொரு தாளில் நோய். இரண்டும் ஒரே பையில் இருந்தன. இந்த நாட்டுக்காக உயிரைக் கொடுக்கலாம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த நிமிஷம் கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். அம்மை கண்ட வீட்டைச் சுற்றியுள்ள எல்லா வீட்டுக்கும் குத்தி முடித்துவிட்டால் அந்தத் தாளை மூடிவிடலாம். மூடினால் என் சான்றிதழில் கையெழுத்துப் போடலாம். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இருபது வருசமா ஒரு விசயம் மட்டும் எனக்குப் புரியலை, தம்பி. ஒங்க தெருப் பிள்ளைங்களை எங்கதான் வெச்சிருக்கீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் இரண்டு ஆட்களோடு வந்தார். நான் கை வீங்கியபடி, காய்ச்சல் இறங்காமல், படி தாண்டி இறங்கினேன். எதிர்வீட்டு அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். தெருமுனையில் முதல் தறி நின்றது. எல்லாத் தறியும் நின்றன. ஒரு மூச்சு. மறுபடி கிளம்பின. அம்மை குத்துகிறவர் என்னைப் பார்த்தார். நான் நேராக முதல் வீட்டுக்குள் போய், நெய்துகொண்டிருந்தவரின் காலை விலக்கி, குழிக்குள் கையை விட்டேன். ஒரு சின்னப் பெண் வந்தாள். அடுத்த வீட்டில் இரண்டு பேர். அதற்கடுத்த வீட்டில் ஒருத்தன் என் நல்ல கையைக் கடித்தான்.

இடம் இடமாக எனக்குத் தெரியும். நானே ஒளிந்த குழிகள். எந்த வீட்டில் குழிக்குள் பக்கவாட்டில் பொந்து உண்டு, எங்கே சாக்கு போட்டு மூடுவார்கள் என்று காட்டிக்கொண்டே போனேன். அம்மை குத்துகிறவருக்கு இளமை திரும்பிவிட்டது. "இதோ ஒண்ணு! இதோ இன்னொண்ணு!" என்று இரும்பைத் திருகிக்கொண்டே வந்தார். தெரு முழுக்கப் பிள்ளைகள் வாய்விட்டு அழுதார்கள்.

"பட்டாளத்துக்குப் போறவன்னு வாய் நெறைய சொல்லிக்கினு இருந்தோமே. பட்டாளத்தையே எங்க வூட்டுக்குள்ள கூட்டியாந்துட்டியேபா" என்றாள் ஒருத்தி.

இன்னொருத்தி காறித் துப்பினாள். அது எனக்கு வேண்டியதுதான். அந்தப் பிள்ளைகளின் நன்மைக்காகச் செய்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு பிள்ளைகூட அம்மையில் போகவில்லை என்பதும் உண்மை. ஆனால் அன்றைக்கு நான் நினைத்தது என் சான்றிதழை மட்டும்தான்.

கடைசியாக எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினபோது எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டிலிருந்து தறிச் சத்தம் வந்தது. அம்மை போட்ட வீட்டில் தறி ஓடக் கூடாது. அப்பா ஏன் நெய்கிறார்? எங்கள் வீட்டில் ஒளிக்கப் பிள்ளையும் இல்லையே.

மற்றவர்களை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. குறுக்கு நூல் கோத்த நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிந்துகொண்டிருந்தார். பாவுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். குழிக்குள் அம்மா உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒரு ஓரமாக ஒடுங்கி.

"ஒனக்கு எதுக்கும்மா? ஒனக்குத்தான் வந்து போயாச்சே. யாரும் ஒனக்குக் குத்த மாட்டாங்க" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லடா. ஒனக்குத்தான் எடம் பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். "இன்னும் நீ இதுக்குள்ள புடிப்பே. வந்து குந்து. கொஞ்ச நேரம்தான். கூப்ட்டுப் பாத்துட்டுப் போயிடுவாங்க."

என்னை ஊசியிலிருந்து ஒளித்த இடத்தில், பட்டாளத்திலிருந்தும் ஒளித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். நான் இறங்கினேன். கால் மடங்கவில்லை, தலை பாவில் இடித்தது, வீங்கிய கை அம்மாவின் தோளில் அழுந்தி உயிர் போனது. ஐந்தடி எட்டங்குலம் என்று பட்டாளத்தில் அளந்து எடுத்த உடம்பு. அம்மா முந்தானையால் என் தலையை மூடினாள்.

அம்மை குத்துகிறவர் வாசலில் வந்து நின்றார். "தம்பி இருக்குதா?"

அப்பா நாடாவை நிறுத்தவில்லை. "இங்க யாரும் இல்லீங்க" என்றார்.

பாவை மேலே தள்ளிக்கொண்டு என் முதுகு மேடாகத் தெரிந்திருக்க வேண்டும். அவர் மெல்ல உள்ளே வந்து, ஒரு தாளை விரிந்திருந்த பாவின் மேல் வைத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நூலுக்கு அடியிலிருந்து அந்தத் தாளின் நிழலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அதுல இன்னா எழுதியிருக்குது?"

"அம்மை குத்தியாச்சு, பிடிச்சிருக்குதுன்னு."

"அப்போ இனிமே ஒனக்கு வராதா? எங்க போனாலும்?"

"வராதும்மா."

அம்மா குழியிலிருந்து ஏறினாள். வாசலில் வெயிலில் வைத்திருந்த வேப்பிலை மஞ்சள் தண்ணீரை மூன்று குடத்தில் நிரப்பினாள். என்னை நடு வாசலில் உட்கார வைத்தாள். எதிர்வீட்டு அத்தை, "இன்னிக்கு மொதத் தண்ணிதான்! சனிக்கிழமை வரைக்கும் ஆத்தா போவ மாட்டா!" என்று கத்தினாள்.

"ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். எனக்கும் அவளுக்கும் பழைய பழக்கம்" என்றாள் அம்மா.

முதல் குடத்தை ஊற்றினாள். இரண்டாவதை ஊற்றினாள். மூன்றாவதையும் ஊற்றினாள். ஒரே நாளில் மூன்று தண்ணீர் ஊற்றி ஆத்தாளை அனுப்பிய வீடு எங்கள் தெருவில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தலையைத் துவட்டிவிட்டபடியே, "காலைல மொதல் பஸ்ல போ" என்றாள்.

புதன்கிழமை காலை சென்னையில் போய் இறங்கினேன். அங்கிருந்து ரயிலில் எங்களை ஏற்றி, மூன்றாம் நாள் ஒரு முகாமில் இறக்கினார்கள். சட்டையைக் கழற்றி வரிசையில் நிற்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று, வருகிறவன் ஒவ்வொருவனுக்கும் இரண்டு கையிலும் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அம்மைக்கு, காலராவுக்கு, வயிற்றுக் காய்ச்சலுக்கு, இன்னும் எதெதற்கோ. என் முறை வந்தபோது சான்றிதழை நீட்டினேன். சென்னையில் அதை யாரும் கேட்கவே இல்லை.

"எனக்கு ஏற்கனவே ஆகிவிட்டது" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

"இங்கே எல்லோருக்கும் மறுபடி குத்துவோம்" என்று சொல்லி, அந்தத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் என் கையிலேயே திணித்துவிட்டு, குத்தினார்கள்.

இரண்டு மாதம் கழித்து அம்மா யாரிடமோ சொல்லி எழுதிய கடிதம் வந்தது. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேனா, அதைப் பார்த்துவிட்டுத்தானே சேர்த்துக்கொண்டார்கள் என்று கேட்டிருந்தாள். ஆமாம், அதைக் காட்டின பிறகுதான் உள்ளேயே விட்டார்கள் என்று பதில் எழுதினேன். அவள் இருந்தவரைக்கும் அதை நான் மாற்றிச் சொல்லவில்லை.